பத்து விரல்காரரின் பாதம்

பட்டறையில் அவரைப் ‘பத்து விரல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். டின் மூடி வெட்டும் பிரஸ் மிஷினில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தும் ஒரு விரலைக்கூடக் காவு கொடுக்காதவர் அங்கே அவர் ஒருவர்தான். இடது கை தகட்டைத் தள்ளும், கால் பெடலை மிதிக்கும், வலது கை மூடியை எடுக்கும். அந்தத் தாளம் அவருக்குத் தூக்கத்திலும் ஓடும். பெருமை எவ்வளவோ அவ்வளவு முன்கோபமும் உண்டு.

அந்த வருஷம் பட்டறையில் புது விதி போட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் பாதப் பரிசோதனைச் சீட்டு கொண்டுவந்தால்தான் மிஷினில் உட்காரலாம். இல்லாவிட்டால் மூடிகளைப் பெட்டியில் அடுக்க வேண்டியதுதான். அவருக்கும் சர்க்கரை உண்டு.

“நேத்து வந்தவன் செய்யுற வேலையை நான் செய்யணுமா?” என்று கறுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார். வேண்டாம் என்று சொல்லியும் மனைவி கூடவே வந்தது வேறு எரிச்சல்.

பரிசோதனை அறை நர்ஸும் லேசுப்பட்டவள் இல்லை. வந்தவரை உட்காரவைத்து, சுவரில் இருந்த பாதப் படத்தைத் தட்டிக் காட்டினாள்.

“சர்க்கரை ரொம்ப நாள் கட்டுக்குள்ள இல்லைன்னா கால் நரம்பு மரத்துப்போகும். ஆணி குத்தினாக்கூடத் தெரியாது. அதனால தினமும் பாதத்தைப் பாக்கணும், வெறுங்கால்ல...”

“நீ பாடம் நடத்த வந்தியா, சீட்டு குடுக்க வந்தியா?”

“காலு உங்களுதுதானே? எனக்கென்ன வந்துச்சு. கண்ணை மூடுங்க. இந்த நைலான் நூலால அங்கங்க தொடுவேன். தெரிஞ்சா மட்டும் ‘ம்’ சொல்லுங்க.”

மூடினார். ஒரு மண்ணும் தெரியவில்லை. ஆனால் அவள் குனியும்போதெல்லாம் ஸ்டூல் கிரீச்சிட்டது. நாலு கிரீச்சில் தாளம் பிடிபட்டுவிட்டது. முப்பத்தொரு வருஷ மிஷின்காரனிடமா இவள் வித்தை காட்டுகிறாள்? ம்... ம்... ம்... கிரீச்சுக்குக்கூடக் காத்திராமல் அந்தத் தாளத்திலேயே கச்சிதமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

“போதும், கண்ணைத் திறங்க.”

அவள் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நூல் மேசைமேல் கிடந்தது.

“நான் எழுந்து வந்தப்புறம் அஞ்சு ‘ம்’ சொல்லிட்டீங்க.”

“என்ன, வேவு பாக்குறியா? என் காலு எனக்குத் தெரியாதா? ஒழுங்கா சீட்டை எழுது!” மேசை அதிரக் கத்தினார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதுவரை வாய் திறக்காத மனைவி நர்ஸைப் பார்த்துச் சொன்னாள். “படிக்கட்டுல இறங்குறப்பவும் குனிஞ்சு காலைப் பாத்துப் பாத்துத்தான் வைக்கிறாரு, சிஸ்டர்.”

“உன்னை யாரு கேட்டா? வாயை மூடு!”

நர்ஸ் அவர் பக்கம் திரும்பினாள். “அப்போ மிஷின்லயும் பெடலைப் பாத்துத்தான் மிதிக்கிறீங்களா?”

எட்டு மாதமாக அப்படித்தான் மிதிக்கிறார். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

“நீங்க காலைப் பாக்குற நேரத்துல கை எங்க இருக்குன்னு யாரு பாக்குறது?”

அவளைக் கடித்துத் துப்பிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. வாயில் ஒரு கெட்ட வார்த்தையும் தயாராக இருந்தது. ஆனால் அவருடைய இரண்டு கைகளும், அவரைக் கேட்காமலேயே, தொடைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன.