அத்தைக்குக் கம்ப்யூட்டர் பார்த்த பொருத்தம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை. ஆனாலும் அது என் அத்தையின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது.

அத்தை அப்பாவின் தங்கை. கொழுந்து பறிப்பவள். பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப்போகும் லோரிக்காரர் ஒருவர் அவளைப் பெண் கேட்டு வந்திருந்தார். அவருடைய லோரி எங்கள் லயத்து வீடுகளைத் தாண்டும்போதெல்லாம் அத்தைக்கு வாசலில் ஏதாவது வேலை வந்துவிடும். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெரியப்பா ஈப்போவுக்குப் போய்க் கம்ப்யூட்டர் ஜாதகம் வாங்கி வரும்வரை. ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளமான தாள். பத்துப் பொருத்தத்தில் மூன்றுதான் என்று அதில் அச்சாகியிருந்தது.

“மனுசன் ஒரு நாள் பூரா உக்காந்து போடற கணக்க, அது கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள போட்டுடுச்சுலா. இனிமே யோசிக்கிற வேலையெல்லாம் மிசினு பாத்துக்கும்,” என்றார் பெரியப்பா.

“தங்கச்சி பொறந்த நேரம் என்னான்னு குடுத்தீங்கண்ணே?” என்று கேட்டார் அப்பா.

“ரெண்டு பத்து.”

“ரெண்டு பத்துன்னு யாரு சொன்னா?”

“மத்தியான நிறுவை முடிஞ்சதும் பொறந்தான்னு அம்மா சொல்லும்ல. மிசினு நிமிசம் கேக்குது. நான் எதையாச்சும் சொல்லணும்ல?”

கொழுந்து அதிகமான நாளில் அதை எடை போடும் நிறுவை முடிய மூன்று மணியாகும். மழை நாளில் ஒன்றரைக்கே முடிந்துவிடும். அப்பா அதைச் சொல்லிப் பார்த்தார். பெரியப்பா தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு மூத்தவர் அவர். அவர் வேண்டாமென்றால் கல்யாணம் இல்லை. அத்தை அன்று அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை.

கடைசியில் அப்பாதான், கோயிலில் பூப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். மிசினுக்கு மேல் முருகன் இருக்கிறான் என்பதைப் பெரியப்பாவால் மறுக்க முடியவில்லை.

வெள்ளைப் பூவை ஒரு தாளிலும் சிவப்புப் பூவை இன்னொரு தாளிலும் மடித்துச் சாமி காலடியில் வைப்பார்கள். குழந்தை எடுப்பது வெள்ளையென்றால் சம்மதம், சிவப்பென்றால் இல்லை. பொட்டலம் மடித்தது அப்பா. எடுத்தது நான். அப்போது எனக்கு ஏழு வயது. கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. அத்தை கண்ணை இறுக மூடியிருந்தாள். நான் எடுத்துக் கொடுத்ததைப் பெரியப்பா பிரித்தார். வெள்ளைச் செவ்வந்தி.

அத்தை அழுதாள். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்.

எல்லாரும் திருநீறு வாங்கப் போனபோது, மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளை. பெரியப்பா கண்ணில் பட்டால் அப்பாவை என்ன சொல்வார்? கோயிலுக்குப் பின்னால் ஓடிப்போய் அதைத் தேயிலைச் செடிகளுக்குள் வீசிவிட்டு வந்தேன்.

வீடு திரும்பும்போது பெரியப்பா, “மிசினுக்கு என்னா தெரியும்? சாமி கணக்கு வேறலா,” என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். பாவம், தான் செய்த தவறு அப்பாவுக்கு இன்னும் தெரியவில்லை போலும் என்று நினைத்து, அவரைக் குனியச் செய்து காதில் சொன்னேன்.

“அப்பா, ரெண்டுலயும் வெள்ளையவே வச்சிட்டீங்க. நான் யாருகிட்டயும் சொல்லல.”

அப்பா என் நெற்றித் திருநீற்றைச் சரிசெய்தார்.

“அப்படியா? அடுத்த தடவ பாத்து வைக்கிறேன்,” என்றார்.

தவறை உடனே ஒப்புக்கொள்ளும் அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று எனக்கு அன்று பெருமையாக இருந்தது.