படலையில் முடிந்த பந்தி

என் தங்கையின் கணவர் பெருந்தொற்றுக் காலத்தில் இறந்தார். சாவகச்சேரியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கை ஒன்றில் அவர்கள் வீடும் என் வீடும் ஒரே வேலியின் இரண்டு பக்கம். அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனதை நான் வேலிக்கு மேலால்தான் பார்த்தேன். திரும்பி வரவில்லை. மூடிய பெட்டியை யாரோ எங்கோ கொண்டுபோய் எரித்தார்கள். வீட்டில் பறை இல்லை, பந்தல் இல்லை, கட்டிப்பிடித்து அழ ஒரு பெண் இல்லை. வாசல் படலையில் சுகாதாரப் பகுதியினர் ஒட்டிவிட்டுப் போன தாள் மட்டும் இருந்தது.

எனக்கு அவர் மச்சான். ஊருக்கு அவர் பந்தி விசாரிக்கிறவர். கல்யாணமோ செத்தவீடோ கோயில் அன்னதானமோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலைகளுக்கு முன்னால் நடப்பார். யாருக்கு இன்னும் கொஞ்சம் சொதி வேண்டும், எந்தக் கிழவிக்கு அப்பளத்தை நொறுக்கிப் போடவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. கடைசிப் பந்தியில்தான் தான் இருப்பார். அந்த நேரம் பார்த்து வடை முடிந்திருக்கும். "மச்சான், கணக்கிலை பிழை விட்டிட்டியள்" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். வடைக் கணக்கு என்னுடையது. அரசாங்கக் களஞ்சியம் ஒன்றில் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் எண்ணுகிற வேலைகளை ஊர் என்னிடம் தந்துவிடும்.

அவர் போன பிறகு தங்கை அந்த வீட்டுக்குள் தனியே அடைபட்டிருந்தாள். மகன் பாரிசில். வாசிகசாலைப் பெடியன்கள்தான் அவளைக் காப்பாற்றினார்கள். எங்கள் வட்டாரத்தில் எழுபத்தொரு வீடு. எழுபத்தொன்றுக்கும் சாமான் கொண்டுவந்தார்கள். ஊரடங்கில் பாஸ் எடுத்து, வெயிலில் மூட்டை சுமந்து, சொந்தப் பெற்றோல் ஊற்றி ஓடினார்கள். தங்கையின் படலைக்கு வெளியே ஒரு ஸ்ரூல் போட்டிருந்தார்கள். அரிசி, பருப்பு, பால்மா, பாண், ஒருமுறை யாரோ வீட்டு முருங்கைக்காய். "அக்கா, வைச்சிருக்கிறம்!" என்று ஒரு சத்தம் கேட்கும். அவள் முற்றத்துக்கு வருமுன் மோட்டார்சைக்கிள் போய்விடும். அப்படித்தான் செய்யவேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும்.

பிறகு கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. சலூன் திறந்தது. பஸ்ஸில் மறுபடியும் மிதிபலகை வரை சனம் தொங்கியது. கோயிலில் எட்ட நின்று கும்பிட்டவர்கள் கிட்ட வந்தார்கள். மச்சான் போய் ஒரு வருடமாகி, ஆட்டைத் திவசமும் வந்தது. ஐயரைக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் செய்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். தங்கை அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணை, ஊரை இருத்திச் சாப்பாடு குடுக்க வேணும்."

"உந்த நேரத்திலையோ? சனம் வருமோ தெரியாது."

"செத்தவீடெண்டு ஒண்டு நடக்கேல்லை. ஒருதரும் வந்து இருக்கேல்லை, அழேல்லை. எனக்கு அவர் எங்கையோ பந்தி விசாரிக்கப் போட்டு வரப் பிந்திற மாதிரித்தான் இருக்குது. சனம் இந்த முத்தத்திலை வந்து இருந்து சாப்பிட்டுதெண்டாத்தான், அவர் செத்துப்போனாரெண்டு எனக்கு விளங்கும்."

அவள் கேட்டது அவ்வளவுதான்.

சுகாதாரப் பகுதி பி.எச்.ஐ. ஒரே நேரத்தில் கூட்டம் சேர்க்கவேண்டாம், இடைவெளி விட்டு இருத்துங்கள் என்றார். முற்றத்தில் மேசை போட்டால் ஒரு தடவைக்கு இருபத்தெட்டுப் பேர். நாலு பந்தி. நூற்றுப் பன்னிரண்டு பேர். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சொல்லப் போனேன். எழுபத்தொரு வீட்டில் ஐம்பத்தெட்டில் "ஓம், வருவம்" என்றார்கள். ஒன்பதில் "பாப்பம்". நாலில் ஆளில்லை, நாய்தான் இருந்தது. ஐம்பத்தெட்டு என்றதும் தங்கையின் முகம் எப்படியிருந்தது என்பதை எழுத எனக்கு வராது. அன்றைக்கே வெற்றிலைத் தட்டத்தைப் புளி போட்டு மினுக்கினாள்.

கதிரைக்கு வாசிகசாலைக்குப் போனேன். முன்பு நூறு கதிரை இருந்தது. தனிமைப்படுத்தல் நிலையம் ஒன்றுக்கு அறுபது கொடுத்தோம், நாற்பத்துமூன்று திரும்பி வந்தன. மிச்சம் பதினேழைப் பற்றி இப்போது யாரும் கதைப்பதில்லை. கதைத்தால் நான் கரைச்சல்காரன். தலைவர் கரண்ட் வேலை செய்கிறவர், நாற்பது வயது இருக்கும், மச்சானின் கையால் எத்தனையோ பந்தியில் சாப்பிட்டு வளர்ந்தவர்.

"எத்தினை வேணும் ஐயா?"

"இருபத்தெட்டு."

"முப்பதா எடுங்கோவன்."

"முப்பது எடுத்தா ரண்டு சும்மா நிக்கும்."

"ஐயா எண்ணத் துவங்கினா கொரோனாவுக்கே தலை சுத்தும்" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்கும் கொஞ்சம் மனம் இளகித்தான் இருந்தது.

திவசத்தன்று காலையிலேயே கிரியை முடிந்தது. மச்சானின் தம்பியின் மகன் கரவெட்டியிலிருந்து வந்து, பாரிசில் இருக்கிற மகனுக்குப் பதிலாகத் தர்ப்பை போட்டுக்கொண்டான். பின்வளவில் பூசணிக்காய், பயற்றங்காய், வாழைக்காய், கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, சொதி, பாயாசம் எல்லாம் இறக்கியாகிவிட்டது. வடையை இருநூற்று முப்பது எண்ணி மூடிவைத்தேன். இருபத்தெட்டு இலையும் போட்டு, தண்ணீர் தெளித்து வைத்தோம். தங்கை செம்பில் தண்ணீரோடு முற்றத்து வாசலில் நின்றாள்.

முதலில் வந்தது முன்வீட்டு மனிசி. படலைக்கு உள்ளே கால் வைக்கவில்லை. மாஸ்க் நாடியில் தொங்கியது.

"அக்கா, குறை நினையாதையுங்கோ. மாமியைத் தனிய விட்டிட்டு ஓடி வந்தனான். ரண்டு பேருக்குக் கட்டித் தந்தியளெண்டா..."

"உள்ளுக்கு வாவன். ஒரு பிடி இருந்து சாப்பிடு. மாமிக்குப் பிறகு கட்டித் தாறன்."

"ஐயோ அக்கா, அவவின்ரை வாய் உங்களுக்குத் தெரியும்தானே. நான் பிந்தினா ஒழுங்கை முழுக்கக் கேக்கும்."

திவச வீட்டில் சோறு கேட்டவரை இல்லையென்று அனுப்ப முடியாது. தங்கை உள்ளே போய் இரண்டு இலையில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். அந்த மனிசி பார்சலோடு ஒழுங்கையால் நடந்து போனதை எதிரே வந்துகொண்டிருந்தவர்கள் கண்டார்கள். அடுத்து வந்தவரும் படலையில் நின்றார். அவருக்கு முழங்கால் மடிக்க ஏலாதாம். கதிரை இருக்குது என்றேன், கதிரையில் இருந்தாலும் நோகுமாம். அவருக்குப் பின்னால் வந்தவர் காரணமே சொல்லவில்லை. "எனக்கும் அப்பிடியே நாலு" என்றார். கொஞ்ச நேரத்தில் படலைக்கு வெளியே வரிசை ஒன்று வந்துவிட்டது. ஊரடங்கு நேரம் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு முன்னால் நின்ற அதே வரிசை. ஆளுக்கு ஆள் இடைவெளிகூட விட்டிருந்தார்கள்.

"வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ, இலை போட்டிருக்குது" என்று தங்கை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒவ்வொருவரும் தலையை ஆட்டிச் சிரித்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

அப்போது தலைவர் ஐந்து பெடியன்களோடு வந்தார். நிலைமையை ஒரு பார்வையில் விளங்கிக்கொண்டார். அவர்கள் கெட்டிக்காரர்கள், ஒரு வருடமாக இதைத்தானே செய்தார்கள்.

"அக்கா, நீங்கள் ஏன் நிண்டு கஷ்டப்படுறியள்? விடுங்கோ, நாங்கள் பாக்கிறம். நிவாரணம் குடுத்துப் பழகின கையள்."

ஒருவன் கடைக்கு ஓடிச் சோறு கட்டுகிற லஞ்ச் சீற்றும் ரப்பர் வளையமும் வாங்கிவந்தான். மேசைகள் இரண்டை இழுத்து ஒன்றாகப் போட்டார்கள். போட்டிருந்த இலைகளை எடுத்து ஒரு பக்கம் அடுக்கினார்கள். நான் தலைவரைத் தனியே கூப்பிட்டேன்.

"தம்பி, அவள் ஊர் வந்து இருக்க வேணுமெண்டுதான் இவ்வளவும் செய்தவள். ஆக்களைக் கூப்பிட்டு இருத்தும்."

"ஐயா, சனம் இப்ப உப்பிடி இருந்து சாப்பிடாது. பழக்கம் விட்டுப் போச்சு. பார்சலெண்டா வீட்டிலை கிடக்கிற கிழடு கட்டையளும் சாப்பிடும். நல்லதுதானே?"

"என்னைத்தான் சொல்லுறீர் போலை."

"சீச்சீ, உங்களுக்கு முதல் பார்சல்" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

பெடியன்கள் வேலையைத் தொடங்கினார்கள். ஒருவன் சோறு, ஒருவன் கறி, ஒருவன் மடிப்பு, ஒருவன் வளையம். ஒரு பருக்கை கீழே விழவில்லை. படலைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்து முடித்து, வராத வீடுகளுக்கு மோட்டார்சைக்கிளில் கொண்டுபோனார்கள். "பாப்பம்" என்ற ஒன்பது வீட்டுக்கும் போனது, நாய் நின்ற நாலு வீட்டுக்கும் போனது. கரவெட்டிப் பெடியனும் பஸ் போய்விடும் என்று ஒரு பார்சலைப் பையில் வைத்துக்கொண்டு போனான். எல்லாமாக நூற்றுப் பதினெட்டு. என் கணக்குக்கு மேல் ஆறு. அப்படியும் சோறு மிஞ்சியது. பார்சலில் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

தங்கை எந்த இடத்தில் கூப்பிடுவதை நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. பார்த்தபோது செம்பைக் கீழே வைத்துவிட்டு, பெடியன்களுக்கு வளையம் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் போன பிறகு நான் ஒரு இலையை எடுத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தேன். அவள் சோற்றுச் சட்டியோடு வந்தாள்.

"நீயும் இரு பிள்ளை."

"பசிக்கேல்லை."

"ஊர் முழுக்கச் சாப்பிட்டதுதானே. எல்லாரும் எடுத்தவைதானே."

"ஓம், எடுத்தவை. ஒருதரும் உள்ளுக்கு வரேல்லை." கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். "அவரைப் பெட்டியோடை கொண்டுபோகேக்கை ஊர் வரேல்லை. வரக்கூடாதெண்டு சட்டம். அது எனக்கு விளங்கினது, நான் ஒருதரையும் கோவிக்கேல்லை. இப்பத்தான் சட்டம் ஒண்டுமில்லையே அண்ணை."

நான் இலையில் போட்டதெல்லாம் சாப்பிட்டேன், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

பின்னேரம் பெடியன்கள் கதிரை எடுக்க வந்தார்கள். "இருபத்தெட்டும் சரி ஐயா, எண்ணிப் பாருங்கோ" என்றார் தலைவர். பிறகு தங்கையிடம், "அக்கா, திருப்திதானே? ஒரு வீடு விடேல்லை."

"ஓம் தம்பி. பெரிய உபகாரம்" என்றாள். ஆறு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர்கள் அதை மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நின்று குடித்துவிட்டுப் போனார்கள்.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் அன்றே படம் வந்தது. மேசை நிறையப் பார்சல். அமரரின் ஆட்டைத் திவச உணவு அனைத்து வீடுகளுக்கும் சிறப்பாகக் கொண்டுசேர்க்கப்பட்டது, தொண்டர்களுக்கு நன்றி என்று எழுதியிருந்தது. கீழே கும்பிடும் கைகள் நாற்பத்தாறு. ஒருவர் பூசணிக்காய்க் கறி சூப்பர் என்று போட்டுவிட்டுப் பிறகு அழித்தார். மச்சானின் படம் அதில் இல்லை.

மாதங்கள் கழித்துத் தலைவரின் தமக்கை மகளுக்குக் கல்யாணம். அதற்குள் மாஸ்க்கும் போய்விட்டது, இடைவெளியும் போய்விட்டது. அவரே நேரில் வந்து, இந்த முறை உள்ளே வந்து, கதிரையில் இருந்து சொன்னார்:

"அக்கா, கட்டாயம் வரவேணும். வந்து இருந்து சாப்பிடவேணும்."

"எனக்கு ஒரு பார்சல் கட்டி அனுப்பிவிடும் தம்பி."

அவள் குத்திக் கதைக்கவில்லை. குத்திக் கதைக்கத் தெரிந்தவள் என்றால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. சாதாரணமாகத்தான் சொன்னாள், பாணுக்குச் சொல்லிவிடுகிற மாதிரி. அவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. "அதுக்கென்ன அக்கா, அனுப்பிவிடுறன்" என்று எழுந்து போனார்.

இப்போது அவள் எந்த வீட்டுக்கும் போவதில்லை. கோயிலுக்கும் போவதில்லை. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவேலியில் ஆள் நுழைகிற பொட்டால்கூட வருவதில்லை, நான்தான் போகிறேன். போனால் கதைப்பாள், தேத்தண்ணீர் தருவாள். மச்சானைப் பற்றிக் கதைத்தால் அவர் எங்கோ போயிருக்கிறார் என்கிற மாதிரித்தான் இன்னும் கதைக்கிறாள். எனக்கும் வயது எழுபத்தொன்பது. எனக்குப் பிறகு அந்தப் படலையைத் திறந்துகொண்டு யார் உள்ளே போவார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒருவர்கூடத் தேறவில்லை.

கல்யாணத்துக்கு நான் போனேன். அறுபது பேர்ப் பந்தி, தோளோடு தோள் இடிக்க இருந்தார்கள். முன்வீட்டு மனிசி முதல் பந்தியிலேயே இருந்தார், மாமியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முழங்கால்காரர் இரண்டாம் முறை பாயாசம் வாங்கினார். எனக்கு மூன்றாம் பந்தியில் இடம் கிடைத்தது. பக்கத்துக் கதிரையில் என் சால்வையைப் போட்டு வைத்திருந்தேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை, அவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். சோறு பரிமாறிக்கொண்டு வந்தவர் நின்று கேட்டார்:

"ஐயா, ஆக்கள் இடமில்லாமல் நிக்கினம். இதுக்கு ஆரும் வருவினமோ?"

"இல்லை" என்று சால்வையை எடுத்தேன். "ஆளை இருத்தும்."