சிவப்பு ரிப்பன் கட்டிய ஆறு பேர்

சிகந்தராபாத் பக்கம் குஷாய்குடாவில் ஒரு மழலையர் பள்ளியில் ஆயாவாக இருந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். பிள்ளைகளின் கழுத்து அட்டையில் உள்ள ஆங்கிலப் பெயரை எழுத்துக்கூட்டுவதற்குள் ஆட்டோ கிளம்பிவிடும். அதனால் ஆட்டோவில் போகும் ஆறு பேருக்கு மட்டும் காலையிலேயே மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவேன். முகம் தெரியாமல் இல்லை. தெரிந்தாலும் பயம்.

அன்று விலங்கு நடனம். பேப்பர் தட்டில் கண்ணுக்கு ஓட்டை போட்டு, வண்ணம் அடித்து, ரப்பர் நாடா கோத்து, யானை, முயல், புலி என்று முகமூடிகள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மணிக்கட்டுகளையே பார்த்தேன். தட்டுக்குப் பின்னால் எல்லாப் பிள்ளையும் ஒரே உயரம், ஒரே சீருடை.

ஒரு புலி, தனக்கு மட்டும் ரிப்பன் இல்லை என்று தரையில் புரண்டான். தினமும் அம்மா வந்து கூட்டிப்போகிற பையன். நடன டீச்சர் பக்கத்தில் நின்ற முயலின் கையிலிருந்து ரிப்பனை அவிழ்த்து அவனுக்குக் கட்டிவிட்டாள்.

“டீச்சர், அது ஆட்டோ புள்ளையோடது.”

“நக்கோ ஆயாம்மா, வேணாம் விடுங்க! ஆட்டம் முடிஞ்சதும் மாத்திக்கலாம். நீங்க எதுக்குத்தான் பயப்படல?”

சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்த பெண், எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். ஆடி முடிந்ததும் மாற்ற வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆடி முடிந்ததும் ஒருத்தி வாந்தி எடுத்தாள். துடைத்துவிட்டு வந்தால் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. முகமூடியைத் தொட்டாலே அழுகை. சிவப்புக் கை ஆறை எண்ணி ஏற்றிவிட்டேன்.

திரும்பி வந்தால் சுவரோரம் ஒரு முயல் தனியாக உட்கார்ந்திருந்தது. தட்டைத் தூக்கினேன். ஆட்டோவில் போக வேண்டிய பெண்.

கேட்டுக்கு ஓடினேன். அவள் ரிப்பனோடு அந்தப் புலிப் பையன் ஏறிப் போயிருந்தான். டிரைவரிடம் செல்போன் கிடையாது. “வண்டி சுத்திட்டு இங்கதான் வரும். புலியோட அம்மாகிட்ட வாயத் தொறக்காத, பாத்ரூம்ல இருக்கான்னு சொல்லிக்கலாம்” என்றார் பள்ளி மேடம்.

பேகம்பேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை அந்தம்மாவுக்கு. அடையாள அட்டை கழுத்தில் ஆட, “எங்கடா என் புலி?” என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தார். மேடம் வாயைத் திறக்குமுன் சொல்லிவிட்டேன்.

“தப்பா ஆட்டோல ஏத்திட்டேம்மா.”

அவர் கத்தவில்லை. “வண்டி நம்பர் என்ன?”

தெரியவில்லை. தினமும் பார்த்த வண்டி. ஒருநாளும் படித்ததில்லை.

ரிப்பன் மாறியதையும் முயல் மிஞ்சியதையும் சொன்னேன். கேட்டில் நின்றோம். தூரத்தில் மஞ்சளாக எது தெரிந்தாலும் அந்தம்மா ரோட்டில் இறங்கினார். எத்தனையோ ஆட்டோக்கள் நிற்காமல் போயின. வழியில் எங்காவது இறக்கிவிட்டிருப்பானோ, தட்டைப் போட்டுக்கொண்டு லாரிக்கு நடுவே நடப்பானோ என்றே எனக்கு ஓடியது.

கடைசியில் எங்கள் ஆட்டோ வந்தது. “எதுக்கு அக்கா, தெரியாத புலிய என் வண்டில ஏத்துறீங்க? அஞ்சு வீடு முடிஞ்சுது, இது இறங்கவே மாட்டேங்குது” என்றான் டிரைவர்.

“நேனு புலி!” நான் புலி என்று தெலுங்கில் உள்ளிருந்து உறுமல்.

அந்தம்மா அவனை வாரி எடுத்து, முகமூடியைக் கழற்றி, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “இன்னிக்கு அந்தப் பொண்ணு மிஞ்சி உக்காந்திருந்ததால தெரிஞ்சுது. இல்லன்னா நான் வர்ற வரைக்கும் யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காதும்மா” என்றேன்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் பையைக்கூட வாங்காமல் நடந்துவிட்டார்.