அட்டியலும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

என் மகள் பரீட்சைக்குப் படிக்கும்போது தடித்த ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பாள். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. அடுப்படியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவள் "கோர்ஜஸ்" என்றதும் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சொல்லை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது இருந்தோம். தீபாவளிக் காலையில் சனமெல்லாம் தப்படித்துக்கொண்டு, மாலையும் பலகாரத் தட்டுமாகப் பெரிய தொரையின் பங்களாவுக்குப் போவது வழக்கம். தொரை மாலையை வாங்கி அப்போதே கழற்றி நாற்காலியில் போடுவார். அவர் பெண்சாதி தொரசாணி ஒரு முறுக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி தட்டிலேயே வைப்பாள். இதற்காக நாங்கள் விடியுமுன் எழுந்து குளிரில் நடுங்கிக் குளிப்போம்.

அந்த வருடம் அப்பாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, பொகவந்தலாவையில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். நாள் குறிக்க மாப்பிள்ளையின் தாயார் பண்டிகைக்கு முதல் நாளே வந்து லயத்து வரிசையில் எங்கள் ஓரறைக் காம்பராவில் தங்கியிருந்தார். அத்தையின் கழுத்து நடுவில் பலாக்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம் உண்டு. மூக்கு, காது போல அதுவும் அத்தையின் ஓர் உறுப்பு என்றுதான் எனக்கு நினைப்பு. அம்மாவிடம் இருந்த ஒரே நகை ஓர் அகலமான கல் அட்டியல். விருந்தாளி வருமுன் அதை அத்தையின் கழுத்தில் இறுக்கிக் கட்டினாள்.

"தூங்குறப்பவும் கழட்டாத. கழுத்த ரொம்பத் திருப்பாத."

"தாலி ஏறட்டும், பொறகு ஆஸ்பத்திரியில காட்டிக்கலாம்" என்றார் அப்பா, கதவுப் பக்கம் பார்த்தபடி.

அத்தைக்கு நகை போட்டதில் எனக்கு ஒரே பூரிப்பு. வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

பங்களா முற்றத்தில் தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்த தொரசாணி அத்தையின் முன்னால் நின்றாள். உதட்டைக் குவித்து, "கோர்ஜஸ்!" என்றாள். விரலால் அட்டியலைத் தொட்டாள்.

"ராணி மாதிரி ரொம்ப ஷோக்கா இருக்குன்னு சொல்றாங்க" என்று பங்களாச் சமையல்காரர் விளக்கினார்.

எங்களோடு வந்திருந்த மாப்பிள்ளையின் தாயாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எனக்கு வரப்போற மருமக" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னார்.

தொரசாணி இன்னும் ஏதோ சொன்னாள். சமையல்காரர் திரும்பினார். "கழட்டிக் குடுக்கச் சொல்றாங்க. சும்மா பாத்துட்டுத் தந்துருவாங்க."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கங்காணியைப் பார்த்தார்.

"என்ன யோசன? தொரசாணி கேக்குறாங்கள்ல? கழட்டு புள்ள!" என்றார் கங்காணி.

அம்மா அத்தையின் பின்னால் போய் நின்று முடிச்சை அவிழ்த்தாள். தொரசாணி அட்டியலைத் தன் வெள்ளைக் கழுத்தில் வைத்துக்கொண்டு தொரையிடம் காட்டிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே சொல்லைச் சொன்னாள். அத்தையின் கழுத்தை அவள் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டார்.

லயத்துக்கு இறங்கும் வழியில் அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்: "கழுத்த மூடி வைக்கத்தான் நகையா?" அன்று எங்கள் வீட்டில் கோழிக்கறி. விருந்தாளி சாப்பிடாமலே பகல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் சாயங்காலம் முழுக்க உதட்டைக் குவித்து அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகினேன். அத்தையிடம் போய், "நீங்க கோர்ஜஸ் அத்தை" என்றேன். அவள் என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அப்படியாடி?" என்றாள். அட்டியல் அதற்குள் அம்மாவின் பெட்டிக்குப் போயிருந்தது.

பிறகு ஒருவரும் அத்தையைக் கேட்டு வரவில்லை. கொழுந்து பறித்தே காலம் போய்விட்டது. தலை நரைத்த பிறகு ஆஸ்பத்திரியில் அந்த வீக்கத்தை அறுத்து எடுத்தார்கள். சின்ன வேலைதான் என்றாராம் டாக்டர்.

"அம்மா, இந்தச் சொல்லு பிரெஞ்சுப் பாசையில இருந்து வந்துச்சாம்" என்றாள் மகள். "அங்க 'கோர்ஜ்'னா தொண்டைன்னு அர்த்தமாம். கழுத்துல போடுற நகைக்கு ஆகி, அப்புறம் அலங்காரமா, அட்டகாசமா இருக்குற எல்லாத்துக்கும் ஆயிருச்சாம். ஆனா நிச்சயமில்லையாம், 'இருக்கலாம்'னுதான் போட்டிருக்கு."

என் கை தானாகவே தொண்டைக்குப் போயிற்று. தொரசாணிக்கும் இது தெரிந்திருக்காது.

அன்று பங்களா முற்றம் நிறைய ஆட்கள் நின்றோம். "முடியாதுங்க" என்று சொல்ல அத்தனை பேரில் ஒரு வாய் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவின் விரல்கள் அந்த முடிச்சில் போய்ப் போய் நின்றன. முடிச்சு இறுகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் எட்டி நின்று, "பல்லால கடிச்சு அவுத்துரும்மா" என்று சொல்லிக்கொடுத்தேன்.