கிரைண்டரில் ஆட்டிய சாக்லேட்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு கிரைண்டரில் சாக்லேட் ஆட்டினோம். ஆமாம், இட்லிக்கு மாவாட்டும் அதே கிரைண்டர்தான்! கோயமுத்தூரில் எங்கள் கணபதிப் பகுதியில் தெருவுக்கு நாலு கிரைண்டர் பட்டறை இருக்கிறது. இந்த யோசனை வேறு யாருக்கும் வரவில்லையே என்று எனக்குக் கர்வம். ஏன் வரவில்லை என்பது மாலையில் புரிந்தது.

இந்த வேலையில் இறங்கக் காரணம், என் மனைவி சரசுவின் அண்ணன். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. ஊடுபயிராகக் கோகோ போட்டிருக்கிறார். போடச் சொல்லி நாற்றுக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் இப்போது கொட்டை வாங்க அந்தப் பக்கமே வருவதில்லை. "திங்கக்கெழம ஆள் வருதுங்க மாப்ள. கோகோவப் பூராம் வெட்டிப்போடறேன்" என்றார்.

எனக்குப் பதறியது. நான் அப்போதுதான் லைப்ரரியில் சாக்லேட் வரலாறு படித்து முடித்திருந்தேன். படித்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"மச்சான், வெள்ளைக்காரன் கொண்டுவந்த செடி இது. முதலில் கொட்டையைக்கூட வெளிநாட்டிலிருந்து இறக்கித்தான் நம் ஊர் பாக்டரிகள் சாக்லேட் செய்தன. அப்புறம்தான் கேரளாவில் நடச் சொன்னார்கள். விலை விழுந்ததும் பாதிப் பேர் வெட்டிவிட்டார்கள். நீங்களுமா?"

"ஏனுங்க மாப்ள, இத்தன வருசமா வளக்கறேன். எங்கொட்டையில செஞ்ச சாக்லேட்டு எப்படி இருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் நாக்குல வெச்சதில்லீங்க. அதுக்கு எதுக்குங்க தண்ணி கட்டோணும்?"

நியாயம்தானே! விளைவிப்பது நாம், வறுப்பது எவனோ, பளபளக் காகிதத்தில் சுற்றி நமக்கே விற்பது இன்னொருவன்.

"நான் செய்து தருகிறேன். பிடித்தால் வெட்டக் கூடாது."

"ருசி வாய்க்கு வெளங்கோணுமுங்க. அப்பப் பாக்கலாம்."

சவால் விட்டாயிற்று. ஞாயிறு காலை ஒரு பை காய்ந்த கொட்டையோடு மச்சான் வந்திறங்கினார். இரும்புச் சட்டியில் வறுத்தோம். சரசு முறத்தில் புடைத்துத் தோலைப் பறக்கவிட்டாள். பருப்பையும் பொடித்த சர்க்கரையையும் கிரைண்டரில் போட்டேன்.

முதலில் சரளைக்கல் லாரி கவிழ்ந்த மாதிரி சத்தம். பிறகு தூள். பிறகு... அடடா! ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே தூள் இளக ஆரம்பித்தது! கல் உரசுகிற சூட்டில் பருப்பிலிருக்கும் கொழுப்பு உருகும் என்று படித்திருந்தேன். படித்தது பலிக்கும் என்று நினைக்கவில்லை. மத்தியானத்துக்குள் கரும்பழுப்புப் பட்டு மாதிரி மினுமினுப்பு. தெரு முழுக்க வாசனை. நான் குதிக்காத குறை.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைக்கத் தட்டில் நெய் தடவ உள்ளே போனேன். அவ்வளவுதான்.

கிரைண்டர் சத்தம் மாறியது. ஒரு முனகல். ஓடி வந்தேன். பட்டு போய், புற்று மண் மாதிரி கட்டி கட்டியாகத் திரண்டு நின்றது. பக்கத்தில் மச்சான், ஈரக் கையோடு.

"கெட்டியா இருந்துச்சுங்க மாப்ள. கை நனைச்சுத் தள்ளியுட்டுப்போட்டு, ஒரு டம்ளர் தண்ணியும் உட்டேன்."

அவரை என்ன சொல்வது? கல் சுற்றுகிற இடத்தில் தண்ணீர் விடாமல் சும்மா நிற்கக் கோயமுத்தூர்ப் பக்கத்தில் பிறந்த கைக்கு வராது. சாக்லேட்டுக்குத் தண்ணீர் ஆகாது என்பதை நானாவது சொல்லியிருக்கலாம். வெள்ளைக்காரனில் ஆரம்பித்து எல்லாம் சொன்னேன், அதைத் தவிர.

"ஏண்ணா, கையக் கட்டீட்டுச் சித்த நிக்க மாட்டயா?" என்ற சரசு, கட்டிகளை வழித்துக் கொதிக்கிற பாலில் போட்டுக் கலக்கி, ஆளுக்கொரு டம்ளர் நீட்டினாள். மச்சான் ஊதி ஊதிக் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, முக்கு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார்.

நான் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். நாளைக்கு இன்னும் ரெண்டு ஆள் சேர்த்து வரச் சொல்கிறாரோ?

திரும்பி வந்தார். "வெட்ற ஆளுகள வர வேண்டாம்னுட்டேனுங்க."

"பிடிச்சுதா மச்சான்!"

"எங்கீங்க மாப்ள, ஒரே கசப்பு. ஆனா தண்ணி உடாம இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்? அது தெரியாம எப்படிங்க வெட்றது?"

மரம் பிழைத்துவிட்டது. தண்ணீரை வேரில் ஊற்றினால் என்ன, கிரைண்டரில் ஊற்றினால் என்ன!