கணக்கில் வராத தலைச்சன்

என் தம்பி பெண்டாட்டி சகாயசெல்வி கறிவேப்பிலை சாப்பிட மாட்டாள். இலையை ஒதுக்கி வைப்பதைச் சொல்லவில்லை, அதை எல்லாரும்தான் செய்கிறார்கள். இவள் கறிவேப்பிலை போட்டுத் தாளித்த குழம்பையே தொட மாட்டாள். என் அம்மா செபாஸ்தியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம்; மருமகள் சோற்றில் குறை வைத்தால் தெருவுக்கே கேட்கும்படி திட்டுவாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வாய் திறந்ததே இல்லை. எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

செல்வி தாடிக்கொம்புப் பக்கம் வெங்காயம் போடுகிற குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தம்பி ஆனந்த்ராஜுக்குத் திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை. 1994இல் கல்யாணம். வந்த புதிதில் அவள் சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். நான் கொடைரோட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஒவ்வொரு முறை பிறந்த வீடு வரும்போதும் அவள் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

96இல் முழுகாமல் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். செல்விக்கு நெகட்டிவ் ரத்தம், தம்பிக்கு பாசிட்டிவ். டாக்டர், "இதுக்கு முன்னாடி உண்டாகி இருந்தியாம்மா?" என்று கேட்டார். செல்வி வாயெடுக்கும் முன்பே அம்மா முந்திக்கொண்டாள்.

"இதுதான் டாக்டரம்மா தலைச்சன்."

அப்படியானால் பயமில்லை, பிள்ளை பிறந்ததும் ஒரு ஊசி போட்டால் அடுத்ததுக்கும் காபந்து என்றார் டாக்டர். ஆண் பிள்ளை பிறந்தது. சொன்னபடி ஊசியும் போட்டார்கள். ஆனால் பிறந்த அன்றே பிள்ளைக்கு மஞ்சள் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் போய்விட்டான். ஊசிதான் பிள்ளையைத் தின்றது என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பிறகு 98இல் ஒரு பெண் பிள்ளை, ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே வீங்கி இறந்தது. இரண்டையும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

அதற்கப்புறம் செல்வி பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் பின்னால் போக மாட்டாள். குளிக்கிற இடம், துணி காய்கிற கொடி, கறிவேப்பிலை மரம் எல்லாம் அந்தப் பக்கம்தான்.

"தண்ணி மோந்துட்டுத் திரும்பினா யாரோ நிக்கிற மாதிரி இருக்கு மதினி," என்றாள் ஒருநாள்.

"யாரு?"

"சின்ன ஆளு. என் இடுப்பு உசரம்கூட இல்ல. ஒண்ணும் கேக்காது, சும்மா நிக்கும்."

தம்பியிடம் சொன்னேன். அவன் ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனான். தெருவில் காற்று, கருப்பு என்று என்னென்னவோ பேசினார்கள். யாருக்கு இரக்கம் இருந்ததோ இல்லையோ, ஆளுக்கொரு பேய் கைவசம் இருந்தது.

2001இல் மறுபடி உண்டானாள். இந்த முறை நான் விடவில்லை. ரத்தக் கோளாறுக்குக் கைராசிக்காரர் என்று மதுரையில் பெயர் எடுத்த டாக்டர் சொர்ணலட்சுமியிடம் கூட்டிப்போனேன். அம்மாவும் வந்தாள். ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டர் செல்வியைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"பிள்ளையோட ரத்தத்தை அழிக்கிற ஆன்டிபாடி உன் உடம்புல நிறைய இருக்கும்மா. பையன் பிறந்தப்போ ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்க டாக்டர்."

"அந்த ஊசியிலயும் அதே ஆன்டிபாடிதான். வெளியில இருந்து கொஞ்சம் கொடுப்போம். நம்ம ரத்தத்துல பி செல்னு ஒண்ணு உண்டு, ஆன்டிபாடி செய்யறது அதுதான். அதுக்கு ரெண்டு விதமான கை இருக்குன்னு வச்சுக்கோ. ஒரு கை பிள்ளைகிட்ட இருந்து உனக்குள்ள கலந்த புது ரத்தத்தைப் பிடிக்கும். இன்னொரு கை, அந்த ரத்தத்துல ஏற்கெனவே ஒட்டியிருக்கிற ஆன்டிபாடியோட வாலைப் பிடிக்கும். ரெண்டும் ஒண்ணா மாட்டினா, வேலைக்கு ஆள் வந்தாச்சுன்னு அது அடங்கிடும்னு சொல்றாங்க. முழுசா எப்படின்னு எங்களுக்கும் இன்னும் தெரியல. ஆனா பி செல் அந்த ரத்தத்தை முன்னாடியே ஒரு தடவை பார்த்துப் பழகிடுச்சுன்னா அப்புறம் ஊசி சொல்றதைக் கேக்காது."

டாக்டர் செல்வியையே பார்த்தார். "பிறந்த அன்னைக்கே பையனுக்கு மஞ்சள் ஏறியிருக்கு. அப்போ அவனுக்கு முன்னாடியே உன் உடம்பு ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கு. இருந்துச்சா?"

அம்மா சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். தலைச்சன் என்று நான் காதால் கேட்டதுதானே, இந்த டாக்டருக்கு என்ன வந்தது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

"இருந்துச்சு," என்றாள் செல்வி. "இப்பவும் எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் இருக்கு."

95இல் மூன்றரை மாதத்தில் கலைந்திருக்கிறது. தங்காததை வெளியே சொன்னால் அடுத்ததும் தங்காது என்று அம்மா அவள் வாயை அடைத்துவிட்டாள். அம்மாவே மஞ்சள் துணியில் சுற்றிக் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்திருக்கிறாள். பெயர் இல்லை, ஜெபம் இல்லை. மறுவாரமே அந்த மரத்தில் இலை பறித்து ரசம் தாளித்திருக்கிறாள். அம்மாவை அடித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. ஆனால் அவள் முகம் அப்போதே செத்துப்போயிருந்தது.

"இப்ப இந்தப் பிள்ளைக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

தம்பியின் ரத்தத்தில் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு பங்கும் கலந்திருக்கலாம் என்றார் டாக்டர். பிள்ளைக்குச் செல்வியின் நெகட்டிவ் ரத்தமே வாய்த்தால் அந்த ஆன்டிபாடிக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. தம்பியின் பாசிட்டிவ் வாய்த்தால், போன முறை நடந்ததுதான் நடக்கும், அதைவிடச் சீக்கிரமாக. பிறக்கும்வரை உறுதியாகத் தெரியாது.

அதிலிருந்து மதுரைக்கு ஸ்கேனுக்கு அலைந்தோம். பிள்ளை வீங்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்கள். அடுத்த ஸ்கேன்வரை யாரும் சரியாகத் தூங்க மாட்டோம். ஏழாம் மாதம் தாண்டியது. செல்வி வயிற்றில் கை வைக்கவே பயந்தாள். பின்பக்கம் நிற்கிற அந்தச் சின்ன ஆளிடம் தினமும் பேசுவதாக என்னிடம் சொன்னாள். என்ன பேசுவாய் என்று கேட்டேன். "இதை மட்டும் விட்டுருன்னு கெஞ்சுவேன் மதினி," என்றாள்.

பிரசவத்துக்கு மதுரையில் சேர்த்தபோது நர்ஸ் கேட்டாள்: "எத்தனாவது பிரசவம்?"

செல்வி வலியில் கிடந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னாள்.

"நாலாவதும்மா. மூத்தது மூணரை மாசத்துல போயிருச்சு. நாந்தான் புதைச்சேன்."

பெண் பிள்ளை. செல்வியின் நெகட்டிவ் ரத்தம். மஞ்சள் ஏறவே இல்லை. தமிழ்நிலா என்று பெயர் வைத்தோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொர்ணலட்சுமி, "இது உன் அதிர்ஷ்டம். இனிமே வேண்டாம்மா," என்றார்.

"அந்தப் பழகின செல்லு இன்னும் எத்தனை வருஷம் இருக்கும் டாக்டர்?" என்று கேட்டாள் செல்வி.

"உன் ஆயுசுக்கும் இருக்கும். முதல்ல பார்த்ததை அது மறக்காது."



"இருக்கட்டும் டாக்டர். நாங்க யாரும் அதைப் பிள்ளைன்னு நினைக்கல. இந்தச் செல்லாவது நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்," என்றாள் செல்வி.

அம்மா மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையைத் தூக்கவில்லை.