அக்கா வீட்டுத் தெருவில் திருப்பிவிடப்பட்ட பேருந்துகள்

அலுவலகத்தில் அவளுக்கு 'வழிமாத்தி' என்று பெயர். நகரத்தில் எங்கே பாலம் கட்டினாலும், சுரங்கம் தோண்டினாலும், வண்டிகள் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று படம் போட்டுக் கொடுப்பவள் அவள்தான். பதினெட்டு வருடமாக அதே வேலை. சாலையில் யாராவது விடாமல் ஹாரன் அடித்தால் தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று தோன்றும் அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

சுரங்க ரயிலுக்காகப் பெரிய சாலையை இரண்டு வருடம் மூட வேண்டி வந்தது. பேருந்துகளைத் திருப்பிவிட இரண்டே தெருக்கள். ஒன்றில் பிரசவ ஆஸ்பத்திரியின் வாசல். மற்றதில் அவளுடைய அக்காவின் வீடு.

அக்கா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். தெருவைப் பார்த்த முன்னறையில்தான் மெஷின். ஜன்னலைச் சாத்தினால் வெளிச்சமில்லை; திறந்தால் வெள்ளைத் துணியெல்லாம் புழுதி.

அக்கா வீடு அங்கே இருப்பது மேலதிகாரிக்குத் தெரியும். ஆஸ்பத்திரித் தெருவும் அகலம்தானே, அதிலேயே விட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நல்ல மனதோடுதான் சொன்னார். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மூன்று நாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள். மூன்றாம் நாள், வலியில் துடித்த ஒரு பெண்ணோடு வந்த கார், ஒரே ஒரு குப்பை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நின்றது. அலுவலகம் திரும்பியதும் அக்கா வீட்டுத் தெருவை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளை சொல்லலாம் என்று ஒரு வாரம் ஓடியது. கடைசியில் விளக்குக் கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துத்தான் அக்கா தெரிந்துகொண்டாள். போனில் அழைத்தாள்.

"என் வீடு இங்க இருக்குன்னு தெரிஞ்சேதான் போட்டியா?"

"தெரிஞ்சதாலதான்க்கா மூணு நாள் போய் நின்னு பாத்தேன்."

"என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்ல ஒரு நிமிஷம் கிடைக்கலையா உனக்கு?"

அக்கா போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு நான்கு மாதம் பேச்சே இல்லை.

பேருந்துகள் ஓடத் தொடங்கியதும், அவள் தினமும் காலை ஏழு மணிக்கு அந்தத் தெரு முனைக்கு வந்து நின்றாள். இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் ஒன்று நடைபாதையில் ஏறுவதைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே விடும்படி மாற்றினாள். புழுதி அடங்கக் காலையும் மதியமும் தண்ணீர் தெளிக்கும்படி ஒப்பந்தக்காரரை விடாமல் நச்சரித்தாள். அக்கா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கூப்பிடவில்லை.

அப்போதுதான் தோண்டிய இடத்தில் பாறை தட்டுப்பட்டு, வேலை இன்னும் எட்டு மாதம் நீளும் என்று தகவல் வந்தது. நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன்பே அவள் கிளம்பிப் போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

அக்கா மெஷினை நிறுத்தாமல் கேட்டாள்: "எட்டு மாசம்னா எட்டுதானா?"

"பத்துன்னு வெச்சுக்கோக்கா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாற்காலியில் குவிந்திருந்த சட்டைகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, "உக்காரு" என்றாள்.